சம்பந்தி சைக்கிளில் சத்தமில்லை

கீழக்கண்டமங்கலம்,
12.5.2018

எல்லா மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை நடராசன் அவர்களுக்கு,

மாமனார் குஞ்சிதபாதம் (தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தர், ஓய்வு) ஆசி கூறி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் அத்தை ஞானாம்பாளும் கறவை மாடும் கன்றும் சௌக்கியம். தாங்களும் சார்ஜா வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகள் அம்சவல்லியும் பேத்தியும் மேலக்கண்டமங்கலத்தில் தங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறார்கள். தங்கள் தகப்பனார், என் அருமைச் சம்பந்தி துரைராசு அவர்களும் சௌக்கியம். அவர் எப்போதும் சௌக்கியம்தான். அந்தச் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் ஞானாம்பாள் ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். குடும்ப வாட்ஸப் குரூப்பில் எழுதலாமென்றால் அதில் தங்கள் தகப்பனார் இருக்கிறார், யார் என்ன போட்டாலும் முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். ஆகவே ரிஜிஸ்தர் தபால். படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும். பெற்ற தகப்பனைப் பற்றி மகனிடமே குறை எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். அவரிடம் எனக்கு ஒரு குறையும் கிடையாது. வயிற்றெரிச்சல் மட்டும்தான்.

தை மாதம் லீவில் வந்தபோது, இரண்டு அப்பாக்களுக்கும் முட்டி வலி, சைக்கிள் மிதித்தால் நல்லது என்று கார்கோ மூலம் இரண்டு பெட்டி வரவழைத்தீர்கள். மலையேறுகிற சைக்கிள் என்றீர்கள். நம் ஜில்லாவில் மலை ஏது மாப்பிள்ளை? சுவாமிமலைகூடப் படி வைத்துக் கட்டியதுதானே! இருந்தாலும் மனசு குளிர்ந்துபோனேன். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. தடித்த டயர், பின்சக்கரத்தில் ஏழு பல்சக்கரம், செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளுகிறதற்குக் கீழே ஒரு கை மாதிரித் தொங்குகிற கியர், அந்தக் கியருக்குள் இரண்டு குட்டிச் சக்கரம். நான் கறுப்பின் மேல் கை வைக்கப் போனேன். ஞானாம்பாள் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்து, "பிள்ளை வீட்டுக்காரங்க மொதல்ல எடுக்கட்டும்ங்க" என்றாள். கல்யாணத்தில் முதல் பந்தி அவர்களுக்கு, சரி. முதல் தாம்பூலம் அவர்களுக்கு, அதுவும் சரி. சைக்கிளுக்குமா? தங்கள் தகப்பனார் "நீங்க எடுங்க சம்பந்தி, நீங்க எடுங்க" என்று சொல்லிக்கொண்டே கறுப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பச்சை எனக்கு வந்தது.

அதிலிருந்து பிடித்தது சனி. அவர் சைக்கிள் போகிறதும் தெரியவில்லை, வருகிறதும் தெரியவில்லை. என் சைக்கிள் அடுத்த ஊர் மதகில் வரும்போதே "டடக் டடக் கிர்ர்ர்" என்று நம் வீட்டு மாடு காதைத் தூக்குகிறது. வாங்கின புதிதில் பச்சையும் சத்தமில்லாமல்தானே போனது என்று அம்சவல்லி கேட்கிறாள். போனது. பங்குனியில் ஒரு நாள் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பியிருந்தோம். பஸ்ஸோ லாரியோ ஏறினால் தானாக உதிரும், எல்லாரும் செய்கிறதுதான். அன்றைக்கென்று பஸ் வரவில்லை. ஞானாம்பாள், "உங்க சைக்கிளுக்குத்தான் டிராக்டர் டயரு மாதிரி இருக்கே, நாலு நட போங்களேன்" என்றாள். நாலு நடை போனேன். சரி, நாற்பது நடை. உளுந்து நன்றாகவே உதிர்ந்தது. அந்த ஒரு நாளைக் காரணம் சொல்லி முழுப் பழியையும் என்மேல் போடுவது நியாயமில்லை. கறுப்பு சைக்கிளாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும்.

சத்தம்தானே, காதில் பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள் என்று தாங்கள் சொல்லலாம். இங்கே நிலவரம் அப்படியில்லை. வயலுக்கு அடியில் எரிவாயுக் குழாய் கொண்டுபோகிற கம்பெனி விவகாரம் தங்களுக்குத் தெரியும். அளவுக்காரர்கள் வேனில் வந்து, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஒன்றை வயலில் நட்டு, போட்டோ பிடித்துக்கொண்டு போய்விட்டால், நிலத்துக்காரர் ஆட்சேபிக்கவில்லை என்று ஃபைலில் ஏறிவிடும். ஃபைலில் ஏறியது இறங்காது. நானே எத்தனையோ ஏற்றியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா! ஆட்சியில் இருக்கிற கழகம் பரிசீலிக்கிறோம் என்கிறது, எதிரில் இருக்கிற கழகம் நம் போராட்டப் பந்தலுக்கு வந்து மோர் குடிக்கிறது, இடம் மாறி உட்கார்ந்தால் பேச்சையும் மாற்றிக்கொள்வார்கள். குழாய் போகிற கோட்டில் என்னுடைய ஐந்து மா நிலம் இருக்கிறது. எங்கள் அப்பா குத்தகைத் தாவாவில் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து, பைசலாகி, பட்டாவைக் கையில் வாங்கிய மறுவருஷம் கண்ணை மூடினார். அதில் ஒருத்தன் கல் நட்டால் நான் சோறு தின்கிறதில் அர்த்தமில்லை.

அளவுக்காரர்கள் வருகிற நேரம், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண் அசருகிற பகல் பன்னிரண்டு மணிக்கு மேல். ஆகவே நிலப் பாதுகாப்புக் குழு கூடியதில், பூவம்மாள் தலைமையில் பெண்கள் மதகடிப் புளியமரத்தில் காவல் என்றும், சைக்கிள் வைத்திருப்பவர்கள் வயலைச் சுற்றி ரோந்து என்றும் முடிவானது. ரோந்துக்குத் தலைவர் யார்? நானும் நின்றேன், தங்கள் தகப்பனாரும் நின்றார். கை தூக்கச் சொன்னார்கள். எனக்கு ஒரு கை விழுந்தது. அது என்னுடைய கை. ஞானாம்பாள் அவருக்குத் தூக்கினாள். வீட்டுக்கு வந்து கேட்டால், "சம்பந்திக்குத் தூக்கலன்னா நல்லாவா இருக்கும்?" என்கிறாள். புருஷனுக்குத் தூக்காவிட்டால் நன்றாக இருக்குமாம்.

தலைவரான மூன்றாம் நாளே மேற்படியார் மூன்று அளவுக்காரர்களைப் பிடித்துவிட்டார். முக்காலியை நட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவன் பின்னாலேயே பூனை மாதிரிப் போய் நின்று, "தம்பி, தண்ணி வேணுமா?" என்று கேட்டாராம். முக்காலியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மறுநாள் பேப்பரில் போட்டோ. அவர், முக்காலி, கறுப்பு சைக்கிள். ஞானாம்பாள் அதை வெட்டி நம் வீட்டுச் சாமி அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள். தினமும் காலையில் நான் திருநீறு பூசும்போது என் சம்பந்தி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். வீட்டுக்கு வந்தால், "சம்பந்தி வந்து இறங்குனதே தெரியல, பூ உதிர்ற மாதிரில்ல வந்தாரு" என்று நெய் விட்டு அசோகா அல்வா கிண்டிக் கொடுக்கிறாள். எனக்குச் சர்க்கரை என்று கேழ்வரகுக் கஞ்சி. அவருக்கும் சர்க்கரைதான் மாப்பிள்ளை! இருநூற்றுப் பத்து! அம்சவல்லிதான் சொன்னாள்.

நானும் சளைக்காமல் தினம் ரோந்து போகிறேன். நான் போய்ச் சேரும்போது வயலில் ஒரு காக்கை இருக்காது. தூரத்தில் வேன் கிளப்பின புழுதி மட்டும் தெரியும். ஓடிப்போனால் நல்லதுதானே என்று அம்சவல்லி சொல்கிறாள். விவரம் தெரியாத பெண். பிடித்தால்தானே பேப்பரில் வரும்?

ஆகவே சத்தத்தை நிறுத்துகிற வேலையில் இறங்கினேன். முதலில் விளக்கெண்ணெய். கால் படி ஊற்றினேன். ரோட்டுப் புழுதியும் பதரும் சேர்ந்து செயின் எள்ளுருண்டை போல ஆகிவிட்டது, சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. அப்புறம் போனில் ஒரு வெள்ளைக்காரன் வீடியோவைப் பார்த்தேன். கியரில் இரண்டு குட்டி ஸ்குரு இருக்கிறது, கால் சுற்றுத் திருப்பிவிட்டு ஓட்டிப் பார், மறுபடி கால் சுற்று என்கிறான். பொறுமைசாலி. நான் முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன், கால் சுற்றில் எனக்குத் திருப்தி வராது, நாலு முழுச் சுற்றுத் திருப்பினேன். வாய்க்கால் கரையில் போகும்போது செயின் பல்லைத் தாண்டிக் குதித்துச் சக்கரக் கம்பிக்குள் விழுந்து, சக்கரம் நின்று, நான் மட்டும் நிற்காமல் போய், தண்ணீரில்லாத வாய்க்காலில் காட்டாமணக்குப் புதருக்குள் தலைகுப்புற இறங்கினேன். அந்த நேரம் பார்த்து, ஒரு சத்தம் இல்லை, தலைக்கு மேலே குரல் மட்டும் கேட்கிறது: "என்ன சம்பந்தி, கீழ என்ன தேடுறீங்க?" யார் என்று சொல்லவும் வேண்டுமா? "ஒண்ணுமில்ல சம்பந்தி, மண்ணு பதமாயிருக்கான்னு பாக்குறேன்" என்றேன். அவர் இறங்கி வந்து என்னைத் தூக்கி நிறுத்தி, முதுகில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டார். கை கொடுக்காமல் போயிருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லிக் குறைபட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டார்.

மறுநாள் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்தேன். ஞானாம்பாளின் பிரஷ் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அது தனிக் கதை, வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. செயின் பளபளவென்று வந்தது. திரும்ப மாட்டினேன். முன்பு "டடக் டடக்" என்றது, இப்போது அதோடு "கறக் கறக்" என்று ஒன்று சேர்ந்துகொண்டது. கல்யாண மேளத்துக்குத் தாளம் சேர்ந்ததுபோல ஆயிற்று. மதகடியில் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பேத்தி என்னை "டடக் தாத்தா" என்கிறாள். அவர் "அப்பா தாத்தா"வாம், நான் "டடக் தாத்தா"வாம்.

கடைசியில் மானத்தை விட்டுக் கடைத்தெருவில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிற மீரா உசேன் பாயிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க இதுல சைக்கிள் ஓட்டுனீங்களா, ஏர் ஓட்டுனீங்களா?" என்றார். குட்டிச் சக்கரங்களுக்கு இடையிலிருந்து இடுக்கியால் இழுக்க இழுக்க உளுந்துக் கொடி வந்துகொண்டே இருந்தது. ஒரு நெற்று உடையாமலே வந்தது. கியரைத் தாங்குகிற காது உள்பக்கமாக வளைந்திருக்கிறதாம். செயினையும் நான் கியருக்குள் இருக்கிற சின்ன நாக்குக்கு வெளியே விட்டு மாட்டிவிட்டேனாம், அது உரசுகிற சத்தம்தான் புதுத் தாளமாம். "ரெண்டு நாளு குடுங்கண்ணே, சத்தமில்லாமப் பண்ணித் தர்றேன்" என்றார். அப்போதுதான் பார்த்தேன், மூலையில் கோணிச் சாக்குப் போட்டு மூடி ஒரு சைக்கிள். சக்கரம் மட்டும் வெளியே தெரிந்தது. கறுப்பு! "இது எங்க சம்பந்தி வண்டியில்ல? இதுக்கு என்ன?" என்றேன். பாய் தலையைச் சொறிந்தார். "அதுக்கு வேற வைத்தியம்ணே. வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காரு."

பார்த்தீர்களா மாப்பிள்ளை? இருக்கிற மௌனம் போதாதென்று இன்னும் மௌனம் பண்ணிக்கொள்கிறார்! அடுத்த தடவை கலெக்டரையே பிடித்துவிடுவார் போலிருக்கிறது. ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆகவே இத்தால் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல், தாங்களாகவே தங்கள் தகப்பனாருக்கு, கறுப்பைச் சம்பந்திக்குக் கொடுத்துவிட்டுப் பச்சையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பச்சைதான் உங்களுக்கு ராசி என்று ஒரு வார்த்தை சொல்லவும். ஜோசியர் சொன்னதாகச் சொன்னாலும் ஆட்சேபணையில்லை.

மற்றபடி தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். தங்கள் கையும் காலும் நோவில்லாமல் இருந்து, சம்பாத்தியம் ஆற்று வெள்ளமாகப் பெருகி, அடுத்த தைக்கு முகம் காட்ட நம் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
மாமனார் குஞ்சிதபாதம்

பின்குறிப்பு (17.5.2018): தபாலாபீஸில் ரிஜிஸ்தர் வாங்குகிற அம்மாள் நாலு நாள் லீவு. கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. மேற்படி கடிதத்தில் கண்ட கோரிக்கை இத்தால் ரத்து செய்யப்படுகிறது. காரணம் பின்வருமாறு.

திங்கட்கிழமை பாய் சைக்கிளைக் கொடுத்தார். ஏறி மிதித்தேன். மாப்பிள்ளை, சத்தமே இல்லை! என் மூச்சு எனக்கே கேட்டது. மாடு காதைத் தூக்கவில்லை. ஞானாம்பாள் புறக்கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், நான் பின்னால் போய் நின்றதும் "ஐயோ" என்று கத்திச் சொம்பைப் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை பகலில் மேல்வயல், நடுவயல் எல்லாம் பூனை மாதிரிச் சுற்றிவிட்டு, அளவுக்காரன் எவனாவது அகப்படுவானா என்று என் ஐந்து மாவுக்கு வந்தேன். அகப்பட்டது கல். என் வயலின் நடுவில், ஈரப் பெயிண்டோடு, மஞ்சளாக நின்றுகொண்டிருந்தது.

மதகடிக்குப் போய், "ஏம்மா, இத்தன பேரு உக்காந்துருக்கீங்க, பாக்கலியா?" என்று கத்தினேன். பூவம்மாள் எழுந்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கிளார்க்கய்யா, தெனமும் ஒங்க சைக்கிள் சத்தம் கேட்டாத்தானே சோத்துத் தட்ட வச்சிட்டு எந்திரிச்சு வயப்பக்கம் பாப்போம்! அந்தப் பயலுவளும் அந்தச் சத்தத்துக்குத்தானே ஒங்க பக்கம் தல வைக்காம ஓடுவானுவோ! இன்னிக்குச் சத்தமே இல்ல. நீங்க வரலன்னு நாங்க நெனச்சோம், அவனுவளும் நெனச்சிட்டானுவோ." பதினோரு வருஷம் எங்கள் அப்பா நடந்த நடையை நான் ஒரு பகலில் பாழாக்கிவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லி, அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். போட்டோ எடுக்க வந்தால் என்னைச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று எழுந்திருக்கவில்லை.

அப்போது வாய்க்கால் கரையில் "டடக் டடக் கிர்ர்ர்" என்று என் சைக்கிள் சத்தம் வருகிறது! என் சைக்கிள் என் பக்கத்தில் கிடக்கிறது. பார்த்தால், பூவம்மாள் ஆள் அனுப்பிச் சொன்னதில், கறுப்பு சைக்கிளில், ஊரே கேட்க, கைப்பிடியில் கடப்பாரையைக் கட்டிக்கொண்டு தங்கள் தகப்பனார் வருகிறார். வந்து இறங்கித் தலையைக் குனிந்துகொண்டார். "சம்பந்தி, என் வயல்ல சித்திரையிலயே ரெண்டு கல்லு நட்டுட்டானுங்க. ரோந்துத் தலைவன் வயல்லயே கல்லுன்னா ஊரு சிரிக்கும்னு வைக்கோலப் போட்டு மூடி வச்சிருக்கேன். நான் போறது ஒருத்தருக்கும் தெரியறதில்ல, எவன் பயப்படுவான்? ஒங்க சத்தத்த நெனச்சு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. பாய்கிட்டப் போயி, சம்பந்தி வண்டி மாதிரியே சத்தம் வேணும்னு கேட்டேன்." பாய் இரண்டு வைத்தியத்தையும் ஒரே நாளில் முடித்திருக்கிறார். என் கியரை அந்த வளைந்த காதோடு கழற்றி அவருக்கும், அவர் கியரைக் கழற்றி எனக்கும் மாட்டிவிட்டார்.

பிறகு அவர் கடப்பாரையைத் தூக்கி, "நீங்க பென்ஷன்காரரு, தள்ளி நில்லுங்க சம்பந்தி. கேசு வந்தா என்மேல வரட்டும்" என்றார். என் நிலம், என் கல், கேஸ் மட்டும் அவர் பேரிலா? பேப்பரில் அதையும் போடுவார்கள். ஞானாம்பாள் அதையும் வெட்டி ஒட்டுவாள். கடப்பாரையைப் பிடுங்கி முதல் குத்து நான்தான் இறக்கினேன். பெண்களும் கை கொடுத்தார்கள். என் கல்லைப் பிடுங்கி, அப்படியே மேலக்கண்டமங்கலம் போய் வைக்கோலை விலக்கி அவருடைய இரண்டையும் பிடுங்கினோம். சாயங்காலம் போலீஸ் வந்து எங்கள் இருவரையும் கூட்டிப்போனது. ஸ்டேஷன் பெஞ்சில் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தோம். ஞானாம்பாள் டிபன் கேரியர் கொண்டுவந்தாள், முதல் தட்டை அவரிடம் நீட்டினாள். அவர் அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஒங்கப்பா இருந்தா இன்னிக்கு ஒங்களக் கட்டிப் பிடிச்சிருப்பாரு சம்பந்தி" என்றார். நான் அந்தத் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்து அவர் கையில் வைத்தேன். இப்போது ஜாமீனில் வந்திருக்கிறோம். தாங்கள் கவலைப்பட வேண்டாம், டிக்கெட் எதுவும் போட வேண்டாம்.

தங்கள் தகப்பனாரிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லவும். முதலாவது, அந்தச் சத்தம் என்னுடையது, மரியாதையாகத் திருப்பித் தந்துவிட வேண்டும், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது தர வேண்டும். இரண்டாவது, ஸ்டேஷனில் ஏட்டு எழுதும்போது முதல் எதிரி துரைராசு, இரண்டாம் எதிரி குஞ்சிதபாதம் என்று எழுதிவிட்டார். முதல் குத்து என்னுடையது என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "பெரியவரே, இதுல போயி என்ன போட்டி?" என்று அவர் பேனாவை மூடிவிட்டார். நாளைக்கு வக்கீலைப் பார்க்கப் போகிறேன். விடுதலையெல்லாம் அப்புறம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் என் பெயரை மேலே ஏற்றுங்கள் என்று சொல்லப் போகிறேன்.